ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்டில் பக்கத்து வீட்டுக் கொல்லையில் மூன்று புது வீடுகள்: எதிர்த்துக் கையெழுத்துப் போடுவதா?

ரெட்வுட்_வாசி

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியா பே ஏரியாவில் ஒரு சின்ன ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்டுக்குள், அதாவது வரலாற்று மதிப்புள்ள வட்டாரத்துக்குள். ஹியரிங் (சிட்டி நடத்தும் பொது விசாரணை) இன்னும் நடக்கவில்லை என்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. தெருவில் பாதிக்கு மேல் நூறு வருடம் தாண்டிய மர வீடுகள். பக்கத்து வீடு 1904இல் கட்டியது, கீழும் மேலுமாக இரண்டு தளம், சுவர் முழுக்கப் பழுப்பு நிற செடார் ஷிங்கிள், முன்னால் அகலமான தாழ்வாரம். அதில் இருந்த மூதாட்டி காலமான பிறகு பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இப்போது சிட்டியில் ஒரு பிளான் கொடுத்திருக்கிறார். பழைய வீட்டை இடிக்கப் போவதில்லை, பழுது பார்த்து வைத்துக்கொள்வார். ஆனால் மனை 50 அடிக்கு 200 அடி, பின்னால் நிறைய இடம் கிடக்கிறது. அங்கே உள்ள பழைய காராஜை எடுத்துவிட்டு இரண்டு தளத்தில் மூன்று ஃபிளாட், தட்டையான கூரை, 26 அடி உயரம். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே அதன் மாடிப் படிக்கட்டுத்தான் தெரியும். நடுவில் ஒரு பெரிய ஓக் மரம் வேறு நிற்கிறது.

தெருக்காரர்கள் ஒரு மனு தயார் செய்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். "நமது தெருவின் வரலாற்றைக் காப்பாற்றுங்கள்" என்பது தலைப்பு. எல்லோரும் நல்ல மனிதர்கள், நாங்கள் குடிவந்த அன்று கேக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான் இன்று காகிதத்தோடு வாசலில் நிற்கிறார்கள். எனக்கும் அந்தத் தெரு பிடித்துத்தானே அங்கே வாங்கினோம். இன்னொரு பக்கம், என்னோடு வேலை பார்க்கிறவர்கள் வீடு கிடைக்காமல் தூரத்து ஊர்களான ட்ரேஸியிலிருந்தும் மான்டீகாவிலிருந்தும் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். அப்பா அம்மா வந்து தங்க நாளைக்கு நானே கொல்லையில் ஒரு சின்ன வீடு கட்ட நினைத்தால், இன்று போட்ட கையெழுத்து என் முன்னால் வந்து நிற்காதா?

சட்டப்படி இவர்களால் இதை நிறுத்த முடியுமா, நிறுத்த வேண்டுமா, இரண்டையும் கேட்கிறேன்.

நீலவரைபடம்

இந்த மாதிரி பெர்மிட் வேலைகளில்தான் என் பிழைப்பு ஓடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் "ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடமாடுகின்றன. ஒன்று, மத்திய அரசின் தேசியப் பதிவேட்டில் (நேஷனல் ரெஜிஸ்டர்) இருப்பது. அது ஒரு கௌரவம். தன் சொந்தப் பணத்தில் வீட்டை மாற்றுகிற உரிமையாளரை அது மட்டும் தடுத்துவிடாது. இன்னொன்று, உங்கள் சிட்டி தன் ஆர்டினன்ஸ் (உள்ளூர்ச் சட்டம்) மூலம் அறிவித்த வட்டாரம். பல்லுள்ளது அதுதான். 1931இல் சார்ல்ஸ்டன் நகரம் ஆரம்பித்துவைத்த வழி அது. வெளியிலிருந்து தெரிகிற எதை மாற்றவும் ஒரு கமிஷனிடம் போக வேண்டும். இது செல்லுமா என்று பெரிய வழக்கே நடந்து, நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேல் கோபுரம் எழுப்பக் கேட்ட கம்பெனி 1978இல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. ஆகவே சிட்டிக்கு அதிகாரம் உண்டா என்பதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்த வகை, அந்த வீடு பட்டியலில் "கான்ட்ரிபியூட்டிங்" (வட்டாரத்தின் வரலாற்று மதிப்புக்குத் துணைசேர்க்கிற கட்டடம்) என்று இருக்கிறதா, இந்த இரண்டையும் நாளைக்கே பிளானிங் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த அதிகாரம் எதன் மேல் என்று பாருங்கள். கமிஷன் பார்ப்பது கட்டடத்தின் அளவு, உயரம், கூரை, வெளிச்சுவர், தெருவிலிருந்து எப்படித் தெரிகிறது என்பதைத்தான். யார் குடிவருவார்கள், வாடகை எவ்வளவு, கார் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவர்கள் வேலையில்லை. மனுவில் பார்க்கிங் பற்றி எத்தனை பாரா எழுதியிருந்தாலும் அங்கே எடுபடாது. பெரும்பாலான கமிஷன்கள், பழைய கட்டடங்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் உள்துறைச் செயலரின் தரவிதிகள் என்று பத்து விதிகளை வைத்துக்கொண்டு பேசும். இதில் உங்களுக்கு வேண்டியது ஒன்பதும் பத்தும். புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், ஆனால் அளவிலும் விகிதத்திலும் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒன்பது. நாளைக்குப் புதியதை எடுத்துவிட்டாலும் பழைய வீடு குறையில்லாமல் நிற்க வேண்டும் என்பது பத்து. கொல்லையில் தனியாக நிற்கிற கட்டடம் பத்தாவது விதியைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஒன்பதில்தான் பேச்சு இருக்கிறது. தட்டையான கூரையை எதற்காக வைத்தார்கள் என்று கேட்கலாம், 26 அடி பழைய வீட்டின் முகட்டுக்குக் கீழே நிற்கிறதா என்று கேட்கலாம்.

இனி மாநிலச் சட்டம். எஸ்பி 9 என்று 2022இல் அமலுக்கு வந்ததே, ஒரு வீட்டு மனையை இரண்டாகப் பிரித்து நான்கு வீடு வரை கட்டலாம் என்று, அது வந்தபோது ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்டுகளை விலக்கிவைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு பாசடேனா நகரம் தன் "லேண்ட்மார்க் டிஸ்ட்ரிக்ட்" எல்லாவற்றையும் விலக்கப் பார்த்ததும், அந்த மார்ச்சிலேயே மாநில அட்டர்னி ஜெனரல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். வீட்டுச் சட்டங்கள் வருடா வருடம் திருத்தப்படுகின்றன, இன்று எந்த வாசகம் என்று சிட்டியில் எழுத்தில் வாங்குங்கள். மனையின் ஜோனிங் (எங்கே என்ன கட்டலாம் என்ற நகர விதி) பல வீடுகளுக்கு அனுமதி தருவதாக இருந்தால் கதையே வேறு. எழுதிவைத்த அளவுகோல்கள் எல்லாவற்றையும் பிளான் பூர்த்தி செய்துவிட்டால் சிட்டி சும்மா "பிடிக்கவில்லை" என்று மறுக்க முடியாது, ஹியரிங்கும் ஐந்துக்கு மேல் இழுக்க முடியாது.

உங்கள் அப்பா அம்மா வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஏடியூ எனப்படும் கொல்லை வீட்டுக்கு ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட் தடையில்லை. மாநிலப் பதிவேட்டில் உள்ள சொத்துக்குக் கெடுதல் வராதபடி சில வரையறைகள் வைக்கலாம், அவ்வளவுதான். மற்றபடி 800 சதுர அடி, 16 அடி உயரம், பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும், முழு விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் தர வேண்டும். 750 சதுர அடிக்குள் இருந்தால் இம்பாக்ட் ஃபீயும் (புதுக் கட்டடத்துக்கு ஊர்ப் பொது வசதிகளுக்காக வாங்கும் கட்டணம்) கிடையாது.

பழைய_ஜன்னல்

நான் மனுவில் கையெழுத்துப் போடுகிற கட்சி. ஏன் என்று கேளுங்கள்.

நாங்கள் வேறொரு ஊரில் இதே மாதிரி வட்டாரத்தில் இருக்கிறோம். வீடு வாங்கியபோது கீழே அஸ்திவாரம் வெறும் செங்கல், விரலால் சுரண்டினால் சுண்ணாம்பு மாவாக உதிரும். வயரிங் முழுக்கப் பீங்கான் குமிழில் சுற்றிய பழைய கம்பி, அதைப் பார்த்தாலே இன்ஷூரன்ஸ்காரர் தலையசைத்துவிடுவார். ஜன்னல்கள் எல்லாம் எடைக்கல்லும் கயிறும் வைத்து ஏற்றி இறக்குகிற வகை. வினைல் ஜன்னல் போடுகிறோம் என்று கேட்டோம், முடியாது என்றார்கள். சரி என்று ஒவ்வொரு சட்டமாகக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, உளுத்த இடத்தை வெட்டி எடுத்துப் புது மரம் ஒட்டி, அந்தக் காலத்து அலை அலையான கண்ணாடியை உடையாமல் திரும்ப உட்காரவைத்தோம். எங்கள் வீட்டுக்காரம்மா அதில் ஒரு கைத்தொழில்காரி அளவுக்குத் தேறிவிட்டார். செலவை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

அத்தனையும் ஏன் செய்தோம்? இந்தத் தெரு முழுக்க எல்லோரும் இதே விதிக்குக் கட்டுப்படுகிறார்கள் என்ற நம்பிக்கையில். ஒரு ஜன்னலுக்கு எங்களை மூன்று தடவை கூப்பிட்டுக் கேள்வி கேட்ட கமிஷன், பக்கத்தில் ஒருவர் மூன்று ஃபிளாட் கட்டும்போது "அளவு ஒத்துப்போகிறது" என்று விட்டுவிட்டால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

கொல்லை வெறும் காலி இடம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து மனைகள் ஒடுங்கி நீளமாக இருந்ததற்கே காரணம் உண்டு. முன்னால் வீடு, பின்னால் கோழிக்கூடு, பழமரம், துணி உலர்த்துகிற கொடி, கடைசியில் வண்டிக் கொட்டகை. வரிசையாகப் பத்துக் கொல்லைகள் சேர்ந்தால் நடுவில் ஒரு தோப்பு மாதிரி இருக்கும், குருவியும் அணிலும் அங்கேதான் வாழ்கின்றன. ஒரு மனையில் கட்டடம் எழும்பினால் அடுத்தவர் அதையே உதாரணம் காட்டுவார். பிறகு தெருவில் நின்று பார்த்தால் பழைய முகப்புகள் வரிசையாக இருக்கும், அதற்குப் பின்னால் வேறு ஊர் இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த மூன்று ஃபிளாட்டும் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் கிடைக்கப்போவதில்லை. மார்க்கெட் விலைக்கு வாடகைக்குப் போகும். வீட்டுப் பஞ்சத்தைச் சொல்லி அனுமதி வாங்குவார்கள், அவ்வளவுதான்.

வாடகைவீடு_பத்து_வருஷம்

பழைய_ஜன்னல் சார், உங்கள் ஜன்னல் கதையைப் படித்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் எந்த வரலாற்றைக் காப்பாற்றுகிறோம் என்று கேட்கத்தான் வேண்டும்.

பாலோ ஆல்டோவில் ப்ரொஃபசர்வில் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்களுக்காக 1890களிலிருந்து எழும்பிய வீடுகள், தேசியப் பதிவேட்டில் உள்ள இடம். அங்கே அடிசன் அவென்யூவில் 367ஆம் எண் வீடு, 1905 வாக்கில் கட்டியது. அதன் பின்னால் 12 அடிக்கு 18 அடி காராஜ் ஒன்று. எச்பி கம்பெனியை நிறுவிய ஹியூலெட்டும் பேக்கர்டும் 1938இல் வேலையைத் தொடங்கிய காராஜ் அதுதான், "சிலிகான் வேலியின் பிறப்பிடம்" என்று பலகை நட்டு மாநில அடையாளச் சின்னம் எண் 976 ஆக்கியிருக்கிறார்கள். எல்லோரும் காராஜைத்தான் பேசுவார்கள். அந்த மனையில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். வீட்டை 1918இலேயே இரண்டு குடியிருப்பாகப் பிரித்துவிட்டார்கள். மாடியில் வீட்டு உரிமையாளர் அம்மாள், கீழ்த்தளத்தில் மூன்று அறையில் புதிதாகக் கல்யாணமான பேக்கர்டும் லூசிலும், கொல்லையில் இருந்த ஒரு சின்ன ஷெட்டில் ஹியூலெட். வாடகை மாதம் 45 டாலர். ஒரே மனையில் மூன்று குடித்தனம்! இன்று அதே ஏற்பாட்டுக்கு விண்ணப்பித்தால் தெருவே திரண்டு வந்து வரலாறு கெட்டுவிடும் என்று சொல்லும்.

பெரிய வீடுகளில் மாணவர்களுக்கு அறை விடுவதும், கொட்டகைக்கு மேல் ஒருவர் குடியிருப்பதும் அந்தக் காலத்தில் சாதாரணம். ஒரு மனைக்கு ஒரே குடும்பம் என்று சட்டமாக எழுதியது பிறகு வந்தது, 1916இல் பெர்க்லியில் ஆரம்பித்ததாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அந்தச் சட்டங்கள் யாரை வெளியே வைக்க உதவின என்பதும் ரகசியமில்லை.

நம்மவர்கள் இதை இன்னும் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் நிலம் வாங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1913இல் சட்டம் போட்டார்கள். இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை கிடையாது என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1946 வரை அந்த நிலைதான். அந்த 1904ஆம் வருடத்து வீட்டை அந்த வருடங்களில் நாம் யாரும் சொந்தமாக வாங்கியிருக்க முடியாது. அதனால் வீட்டை இடிக்கச் சொல்லவில்லை, அழகான வீடு, இருக்கட்டும். கொல்லையில் இன்னும் மூன்று குடும்பம் வந்தால் அந்தத் தெருவின் கதை கெட்டுப்போகாது என்றுதான் சொல்கிறேன்.

மார்க்கெட் வாடகை என்றீர்கள். பாலோ ஆல்டோ மட்டும் 2023 முதல் 2031க்குள் 6,086 வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது மாநிலக் கணக்கு. மூன்று வீடு வருவதற்கே இவ்வளவு சண்டை என்றால் அந்த எண்ணை எங்கே போய்ப் பிடிப்பது? ஒவ்வொரு வருடமும் லீஸ் முடிகிற மாதம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது, பையனின் பள்ளிக்கூடம் மாறுமா மாறாதா என்று தெரியாமல் படுக்கிற வீடுகள் இந்தப் பக்கம் எத்தனையோ.

கேம்பல்_லேன்

சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்ன குறிப்பு. இங்கே லிட்டில் இந்தியா, சைனாடவுன் மாதிரி வரலாற்று வட்டாரங்களை 1989இல் அறிவித்தார்கள். அங்கே கடைவீட்டை (கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கட்டடம்) முன்னும் பின்னும் முழுதாகக் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஜூ சியாட், பாலஸ்டியர் போன்ற அடுத்த கட்டப் பகுதிகளில் முன்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டலாம், முன்கட்டைவிட உயரமாகக்கூட. எந்த வட்டாரத்துக்கு எது என்று முன்னாலேயே தெளிவாக எழுதிவைத்திருப்பதால் அக்கம்பக்கத்தார் முகம் பார்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. பழைய_ஜன்னல் ஐயாவின் மனத்தாங்கல் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஜன்னலுக்கு ஒரு நியாயம், ஃபிளாட்டுக்கு ஒரு நியாயம் என்று ஆளைப் பார்த்து முடிவெடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ரெட்வுட்_வாசி

எல்லோருக்கும் நன்றி. பிளானிங் கவுன்ட்டரில் கேட்டுவிட்டேன். சிட்டியே அறிவித்த டிஸ்ட்ரிக்ட்தான், வீடு கான்ட்ரிபியூட்டிங், ஜோனிங் பல வீடுகளை அனுமதிக்கிறது. ஆகவே முழுதாக நிறுத்துவது நடக்காது என்று புரிகிறது. நிறுத்த வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை. ஹியூலெட் தூங்கிய ஷெட்டைப் பற்றிப் படித்ததிலிருந்து மனுவின் தலைப்பே உறுத்துகிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் மனமில்லை. அந்த மரமும், எங்கள் ஜன்னலுக்கு எதிரே வரும் படிக்கட்டும் இருக்கின்றனவே. நீலவரைபடம் மேடம், என்ன கேட்டால் எடுபடும்?

நீலவரைபடம்

முதலில் அந்தக் காராஜ். வீடு கான்ட்ரிபியூட்டிங் என்றால் காராஜும் அதில் சேர்த்தியா என்று சர்வே படிவத்தில் பாருங்கள். தகரமும் பலகையுமாகப் பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், ஆனால் வீட்டோடு சேர்ந்து கட்டிய வண்டிக் கொட்டகையாக இருந்தால் அதை எடுப்பதற்கே தனியாகக் காரணம் சொல்ல வேண்டிவரும். அதை இடித்துத்தான் ஆக வேண்டுமா, மூன்று வீட்டில் ஒன்றாக மாற்ற முடியாதா என்பது நல்ல கேள்வி.

அடுத்தது மரம், உங்களிடம் இருப்பதிலேயே வலுவான பிடி இதுதான். ஓக் மரத்துக்குத் தண்டின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு ஆரத்துக்கு வேர்ப்பகுதி என்று ஆர்பரிஸ்டுகள் (மர நிபுணர்கள்) கணக்கு வைப்பார்கள். மார்பளவு உயரத்தில் தண்டு 24 அங்குலம் இருந்தால் சுற்றிலும் 20 அடி. பிளானில் அந்த வட்டத்தை வரையச் சொல்லுங்கள், அஸ்திவாரமும் சாக்கடைக் குழாயும் அதற்குள் எவ்வளவு நுழைகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். கட்டடம் நகர வேண்டியிருந்தால் அப்போதுதான் நகரும். கிளையை வெட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், மரம் சாவது வேரை வெட்டியும் அதன்மேல் லாரியை ஓட்டி மண்ணை இறுக்கியும்தான்.

படிக்கட்டைக் கட்டடத்துக்கு உள்ளே கொண்டுபோகச் சொல்லுங்கள், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மேல் தளத்தைக் கூரைச் சரிவுக்குள் அடக்கினால் உயரமும் குறையும், பக்கத்துக் கூரைகளோடும் சேரும். போலி ஷிங்கிள் ஒட்டிப் பழைய வீடு மாதிரி வேஷம் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், அது ஒன்பதாவது விதிக்கே எதிரானது. அப்புறம், பழைய வீட்டின் பழுது வேலை முதலில் முடிய வேண்டும் அல்லது கூடவே முடிய வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். கொல்லைக் கட்டடம் மட்டும் எழும்பி, முன்னால் இருக்கிற வீடு தார்ப்பாய் போர்த்தி வருடக் கணக்கில் நனைந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய_ஜன்னல் சார் பயப்படுவதில் நியாயமான பகுதி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் ஊரில் மில்ஸ் ஆக்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள், 1972ஆம் வருடத்துச் சட்டம். வீட்டை ஒழுங்காகப் பராமரிப்பேன் என்று சிட்டியோடு குறைந்தது பத்து வருட ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி குறையும். எல்லா ஊரிலும் கிடையாது. இருந்தால் அந்த உரிமையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள், செங்கல் அஸ்திவாரத்தை மாற்றுகிற செலவுக்கு ஒரு கை கொடுக்கும், அவரும் உங்களை எதிரியாகப் பார்க்க மாட்டார்.

ஹியரிங்கில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மனுவில் கையெழுத்துப் போடாமல் உங்கள் பெயரில் தனிக் கடிதம் போடுங்கள், "இன்ன மாற்றங்கள் செய்தால் ஆதரிக்கிறேன்" என்று.

பழைய_ஜன்னல்

பழைய வீட்டுப் பழுதை நிபந்தனையாக எழுதவைக்க முடிந்தால் என் கோபத்தில் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதி இருக்கும். அந்தக் கொல்லை போனால் போனதுதான், அதை யாரும் பழுது பார்த்துத் திருப்பித் தர முடியாது. உங்கள் தெருக்காரர்களிடம் இதை ஒளிக்காமல் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள் தம்பி, கையெழுத்துப் போடாததைப் பின்னால் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் உறவு முறிந்துவிடும்.

ரெட்வுட்_வாசி

நீங்கள் சொன்னபடியே செய்தேன் சார். கேக் கொண்டுவந்தவர்களிடம் முதலில் போய்ச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மரத்தைப் பற்றி அவர்களும் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உரிமையாளரிடமும் வேலியோரம் நின்று பேசினேன். காராஜ் பட்டியலில் உண்டா என்று அவர் இதுவரை பார்க்கவே இல்லையாம், ஆர்க்கிடெக்டிடம் கேட்கிறேன் என்றார். படிக்கட்டைத் திருப்புவதில் அவருக்கு மறுப்பு இல்லை, கூரைச் சரிவுக்குத்தான் பிடிகொடுக்கவில்லை, மேல் ஃபிளாட்டில் ஒரு படுக்கையறை போய்விடும் என்கிறார். ஓக் மரத்தை நாடா வைத்து அளந்தோம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு 94 அங்குலம். விட்டம் 30க்குக் கொஞ்சம் குறைவு, அப்படியென்றால் 25 அடி ஆரம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், புதுக் கட்டடத்தின் ஒரு மூலை அதற்குள் வருகிறது. கடிதத்தில் எழுதுவதற்கு முன்னால் அந்தக் கணக்கை யாராவது சரிபார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.